முன் பம்பரின் இடது மூலை

"சாமி, ஒரு பழைய காரோட பம்பருக்காக ஒரு மனுசன் தூக்கத்தைக் கெடுத்துக்கலாமுங்களா?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

சாமி செடிகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு ரப்பர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"எந்த மனுசன்?"

"நான்தானுங்க."

"கெடுத்துக்கிட்டீங்களா?"

"ஆமாங்க. ரெண்டு மூணு மாசமா."

"அப்புறம் 'கெடுத்துக்கலாமா'ன்னு எதுக்குக் கேக்கறீங்க?"

பற்று என்று சாமி சொல்வார், ஆமாம் என்று தலையாட்டிவிட்டு லேசான மனத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்று வந்தவர் நாச்சிமுத்து. வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வியைத்தான் செதுக்கிக்கொண்டு வந்திருந்தார்.

பல்லடத்துக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி, முன்பு கோழிப்பண்ணையாக இருந்த ஒரு நீளமான கொட்டகைதான் சாமியின் ஆசிரமம். கோழிகள் போய் வெகுகாலம் ஆகியும் மழை பெய்தால் அந்த வாசனை வரும். சாமிக்கு நாற்பது வயது இருக்கலாம். நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தாறு. தன்னைவிடச் சின்னவர் காலில் விழுவதா என்று முதல்நாள் கூச்சப்பட்டார். "விழ வேண்டாம், உட்காருங்க" என்று சாமி சொன்னதும் கூச்சம் போய்விட்டது. அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் வருகிறார்.

சாமி குழாயை ஆணியில் மாட்டினார்.

"எங்க, பம்பரைக் காட்டுங்க."

கார் வேப்பமரத்தடியில் நின்றது. வெள்ளைக் கார். நாலு பக்கமும் நன்றாகத்தான் இருந்தது. முன் பம்பரின் இடது மூலையில் மட்டும் வெள்ளை உரிந்து கறுப்புப் பிளாஸ்டிக் தெரிந்தது. உரிந்த இடத்தின் ஓரங்கள் அப்பளம் போலத் தூக்கிக்கொண்டு நின்றன.

"விக்கறதுக்கு முன்னாடி மேலால ஒரு பூச்சுப் பூசி வெச்சிருக்கறான் சாமி. வாங்கறப்ப கண்ணாடியாட்ட மினுங்குச்சு. ரெண்டு தடவை தண்ணியடிச்சுக் கழுவுனதும் சாயம் வெளுத்துப்போச்சு."

சாமி குனிந்து பார்த்தார்.

"ஓடுதுங்களா வண்டி?"

"நல்லா ஓடுதுங்க."

"அப்ப?"

நாச்சிமுத்து செருப்பின் நுனியால் மண்ணைக் கிளறினார்.

"துளசிமணி ஏற மாட்டேங்கறாளுங்க சாமி."

துளசிமணி அவர் மனைவி. அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன. வாரத்தில் இரண்டு நாள் பல்லடத்தில் எண்ணெய் வைத்தியம். அவளுக்காகத்தான், அதுவரை மொபெட்டைத் தவிர எதையும் ஓட்டியறியாத நாச்சிமுத்து, இந்த வயதில் ஓட்டுநர் பள்ளிக்குப் போய்ப் பழகிக் காரும் வாங்கினார். கொஞ்ச நாள் அவள் கூட வந்தாள். அப்புறம் ஒருநாள் காலை, அவர் காரைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருக்க, அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிட்டாள்.

"பஸ் படி எவ்வளவு ஒசரம்னு உங்களுக்கே தெரியும். ஒரு கால எடுத்து வெச்சு, கம்பியைப் புடிச்சு, பல்லைக் கடிச்சுட்டு இன்னொரு கால இழுக்கறா. கண்டக்டர் கையக் குடுத்துத் தூக்கி உடறான். நான் ஊட்டு கேட்டுக்கிட்ட நின்னு பாக்கறேன். காரு எம்பின்னால நிக்குது."

சாமி காரைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன மனுசன்டா நீ, பொண்டாட்டி ஒக்கார ஒரு நல்ல வண்டி வாங்கத் துப்பில்லையான்னு எனக்கு நானே கேட்டுக்கறேன் சாமி. ராத்திரியெல்லாம் அதே நெனப்பு."

"பம்பராலதான் வர்றதில்லைன்னு அவங்க சொன்னாங்களா?"

"சொல்லுவாளுங்களா? கேட்டதுக்கு, 'பஸ்ஸே எனக்குச் சௌரியமா இருக்குது'ங்கறா."

"சரி."

"என்ன சாமி சரிங்கறீங்க? அந்தப் படியில ஏர்றது சௌரியமுங்களா? மானத்துக்குப் பயந்துட்டுப் பொய் சொல்றா. எனக்குத் தெரியாதுங்களா? ஒருநாள் இதே எடத்துல கைய வெச்சு ஒரு துண்டை உரிச்செடுத்தா. 'பாம்புச் சட்டையாட்டக் கழண்டு வருது'ன்னு சிரிச்சா. அதுக்கு அடுத்த வாட்டியிலிருந்துதான் பஸ்."

"அன்னைக்கு வண்டியில போனீங்களா?"

"போனோம்."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலீங்களே. போனோம், வந்தோம்."

சாமி நிமிர்ந்து, கையில் ஒட்டிய வெள்ளைத் துகளை வேட்டியில் தட்டிக்கொண்டார்.

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

நாச்சிமுத்து பண்ணியதை எல்லாம் சொன்னார். முதலில் ஒரு சின்னப் புட்டியில் வெள்ளை வாங்கி, நகச்சாயம் பூசுவது போல அவரே பூசினார். காரின் வெள்ளை வேறு, புட்டியின் வெள்ளை வேறு. வெண்குஷ்டம் மாதிரி ஆகிவிட்டது.

"அப்புறம் உங்க படம் போட்ட ஸ்டிக்கர் குடுத்தாங்களே, ஆண்டு விழாவுக்கு. அதை ஒட்டுனேன்."

"பம்பர் மேலயா?"

"மறைக்கறதுக்குன்னு இல்லீங்க, பக்தியிலதான்." கொஞ்சம் யோசித்தார். "மறைக்கறதுக்குந்தான்."

"நான் நின்னனா?"

"ஒரு மழைக்கு நின்னீங்க. அடுத்த மழையில ஓரம் தூக்கிருச்சு. பிச்செடுத்தா உங்ககூடவே பெயிண்ட்டும் வந்துருச்சுங்க."

சாமிக்குச் சிரிப்பு வந்தது. நாச்சிமுத்துவுக்கு வரவில்லை.

"கடைசியா ஒரு பட்டறையில உட்டு முழு பம்பருக்கும் பெயிண்ட் அடிச்சேன். புதுப் பொண்ணாட்ட இருந்துச்சு."

"அப்ப அவங்க வந்தாங்களா?"

"இல்லீங்க. அப்பவும் பஸ்தான்."

"புதுசா இருந்தப்பவுமா?"

"எப்படியும் மறுக்கா உரியும்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கும் சாமி. அவ கெட்டிக்காரி. அதே மாதிரி உரிஞ்சுருச்சே."

சாமி கொட்டகைக்குள் போய்த் தோளில் ஒரு துணிப்பையோடு வெளியே வந்தார்.

"இப்ப எங்க போறீங்க?"

"பல்லடத்துக்குத்தானுங்க. அங்க ஒரு பெயிண்டர் இருக்கறான். அடியில இருக்கறதையெல்லாம் சுரண்டிப்போட்டுத்தான் அடிக்கோணும், மேலாலயே அடிச்சா எத்தனை வாட்டி அடிச்சாலும் உரியத்தான் செய்யும்ங்கறான். ரெண்டு நாளைக்கு வண்டியை உடணுமாம்."

"தண்ணி மோட்டாருக்கு ஒரு வாசர் வாங்கணும். நானும் வர்றேன்."

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. சாமி எந்தச் சிஷ்யர் வண்டியிலும் ஏறி அவர் பார்த்ததில்லை. ஓடிப்போய் முன் கதவைத் திறந்தார்.

"இங்க உக்காருங்க சாமி. துளசிமணி உக்கார்ற எடம்."

சாமி உட்கார்ந்தார்.

மண்பாதை முடிந்து சாலையைத் தொடும் இடத்தில் நாச்சிமுத்து காரை நிறுத்தினார்.

"உங்க பக்கம் ஏதாச்சும் வருதான்னு பாருங்க சாமி."

சாமி திரும்பினார்.

"வருதா இல்லையா? பட்டுனு சொல்லுங்க."

"ஒரு லாரி வருது."

"அதை மொதல்லயே சொல்ல வேண்டாமுங்களா?"

லாரி போனது. கார் சாலையில் ஏறியது.

"பெரிய வண்டிக்காரனுகளுக்கெல்லாம் ரோடு அவனுக அப்பன் போட்டதுன்னு நெனப்பு" என்றார் நாச்சிமுத்து. பிறகு குரலைத் தணித்து, "போன வாரம் மௌனத்தைப் பத்திச் சொன்னீங்களே சாமி, அதையேதான் நெனச்சுக்கிட்டிருக்கறேன்" என்றார்.

முன்னால் ஒரு பெரியவர் மொபெட்டில் தீவனப் புல்கட்டோடு போய்க்கொண்டிருந்தார். புல் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. பெரியவர் தடுமாறி ஓரம் போனார். கார் அவர் பக்கத்தில் வந்ததும் நாச்சிமுத்து கண்ணாடியை இறக்கி, சாமியின் முகத்துக்குக் குறுக்காக எக்கினார்.

"ஊட்டுல சொல்லிப்போட்டு வந்துட்டயா?"

பெரியவர் என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை.

"பாருங்க சாமி. அடிபட்டுச் செத்தா நம்மளத்தான் சொல்லுவாங்க."

கண்ணாடி ஏறியது. சாமியின் மேல் துண்டில் ஒரு புல் ஒட்டியிருந்தது. அவர் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. நாச்சிமுத்து வேகத்தைக் குறைத்தார். வேன் மறுபடி அடித்தது. இன்னும் குறைத்தார்.

"அடிக்கட்டும். பொறுமைன்னா என்னன்னு கத்துக்கட்டும்."

வேன் எப்படியோ வலப்பக்கம் ஒதுங்கி முந்தியது. ஓட்டுநர் திரும்பி என்னவோ கையைக் காட்டிவிட்டுப் போனான். நாச்சிமுத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தார். கார் சீறிக்கொண்டு வேனைத் துரத்தியது. சாலையோர மரங்கள் நெருங்கி நெருங்கி வந்தன.

"யார்கிட்ட கையக் காட்டறான்? சாமி, அவன் நெம்பரைப் பாருங்க. பாத்தீங்களா? நெம்பரு சாமி, நெம்பரு. போச்சு. வாயத் தொறந்து ஒண்ணு சொல்ல மாட்டீங்களா?"

வேன் கண்ணுக்கு மறைந்தது. சாமியின் வலக்கை மடியில் இருந்தது. இடக்கை மேலே, கதவுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்திருந்தது.

நாச்சிமுத்து அதைக் கவனித்துச் சிரித்தார்.

"கதவு நல்லாச் சாத்தியிருக்குங்க. பயப்படாதீங்க. துளசிமணியும் இதே மாதிரித்தான், ஏறி உக்காந்தா எறங்கற வரைக்கும் புடிச்ச கையை எடுக்க மாட்டா. பழைய வண்டின்னா ஒரு பயம். நானும் கதவுக்கு ரப்பர் எல்லாம் மாத்திப் பாத்துட்டேன்."

சாமி கையை எடுக்கவில்லை.

ஒரு பள்ளிக்கூட வளைவில், ஸ்கூட்டரில் ஒரு பெண் குழந்தையை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து பிரேக்கை மிதித்தார். சாமி முன்னால் போய்ப் பின்னால் வந்தார்.

"கண்ணு பின்னால பொடனியிலயா இருக்குது?" என்றார் நாச்சிமுத்து, கண்ணாடி ஏற்றியிருப்பதை மறந்து. அவள் கேட்காமலேயே போய்விட்டாள். கேட்டது சாமி ஒருவருக்குத்தான்.

பள்ளிக்கூடம் தாண்டியதும் சாலை காலியாக இருந்தது. நாச்சிமுத்து இளைத்த மூச்சைச் சரிபண்ணிக்கொண்டார்.

"உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி எனக்கு இருந்த கோவத்துக்கு, இந்த பம்பரைப் பூசி வித்தவனைத் தேடிப் போய்ச் சட்டையப் புடிச்சிருப்பேன் சாமி. இப்ப பாருங்க. ஒரு வார்த்தை கேக்கலை. வித்தவன் நல்லாருக்கட்டும்னு உட்டுட்டேன். அதெல்லாம் நீங்க போட்ட பிச்சை."

"அந்தப் புளியமரத்துக்கிட்ட நிறுத்துங்க" என்றார் சாமி.

நாச்சிமுத்து நிறுத்தினார்.

சாமி கைப்பிடியை விட்டார். பிடித்திருந்த கையின் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டார். பையை எடுத்துக்கொண்டு இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தினார். மரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. காய்கறிக் கூடையோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். சாமியைக் கண்டதும் அவள் கூடையை நகர்த்தி இடம் விட்டாள். சாமி உட்கார்ந்தார்.

ஒதுங்கத்தான் இறங்குகிறார் என்று நாச்சிமுத்து நினைத்திருந்தார். என்ஜினை அணைக்காமல் காத்திருந்தார். சாமி எழுந்திருக்கவில்லை. வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாச்சிமுத்து என்ஜினை அணைத்தார். கண்ணாடியை இறக்கினார்.

"ஏனுங்க சாமி?"

"நான் பஸ்ல வந்துக்கறேன். நீங்க போங்க."

"இன்னும் கொஞ்ச தூரந்தானுங்களே."

"ஆமாங்க. கொஞ்ச தூரந்தான்."

காய்கறி அம்மாள் சாமியையும் காரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் அவள் பார்வை காரின் முன்பக்கம் போய் நின்றது. அதை நாச்சிமுத்து பார்த்தார். அவருக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. இறங்கி, சாமியின் முன்னால் வந்து, யாருக்கும் கேட்காதபடி குனிந்தார்.

"டவுனுக்குள்ள போறப்ப நாலு பேரு பம்பரைப் பாத்துட்டுச் சிரிப்பாங்கன்னுங்களா சாமி?"

சாமி கையிலிருந்த புல்லைக் கீழே போட்டார்.

"பம்பர் வெளியில இருக்குதுங்க" என்றார். "நான் உள்ளதான உக்காந்துட்டு வந்தேன்."