புதைத்துக் காத்த பட்டைகள்

குளக்கரையில் இருந்த மருதமரப் பொந்தில் மரப்பட்டைகள் அடுக்கடுக்காக இருந்தன. எந்தக் காய் விஷம், வேடன் எந்த வழியில் கண்ணி வைப்பான், கடும் கோடையில் எந்தப் பாறையிடுக்கில் ஊற்று சுரக்கும் என்றெல்லாம் பழைய காலத்து விலங்குகள் அவற்றில் கீறி வைத்திருந்தன. எலியும் படிக்கலாம், யானையும் படிக்கலாம். எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அழுங்கு என்கிற எறும்புத்தின்னிதான் அவற்றைக் காத்துவந்தது. மைனா அதற்குத் துணை. அங்கே ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரும் வாய்விட்டுப் படிக்கக் கூடாது.

அந்த வருஷம் மழை பொய்த்தது. அதுவரை வற்றாத குளம் சுருங்கியது. அதனால் ஊற்றுப் பட்டையை அதுவரை யாரும் எடுத்துப் படித்ததில்லை. மிச்சத் தண்ணீரைக் காட்டுப்பன்றிகள் வளைத்துக்கொண்டன.

"எங்களுக்குக் கிழங்கு தோண்டிக் கொடுப்பவர்களுக்குத்தான் தண்ணீர்!" என்றன.

பன்றிகளின் தலைவன் மருதமரத்துக்கும் வந்தது. "ஏய் ஓட்டு முதுகு! ஊற்று இருக்கும் இடம் தெரிந்தால் எவன் எங்களுக்குக் கிழங்கு தோண்டுவான்? நாளைக்கு வந்து பட்டைகளை அள்ளிக்கொண்டு போகிறோம்!"

"இவை எல்லாருக்கும் பொது! ஒன்றைக்கூடத் தர மாட்டேன்!" என்று அழுங்கு நிமிர்ந்து நின்றது.

"உருண்டு போய்ப் படு, போ! பேச வந்துவிட்டது!"

பன்றி போனதும் அழுங்கு பாறைக்கடியில் ஆழமாகக் குழி பறித்தது. பட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கியது. மேலே ஊற்றுக் குறி கீறியிருந்த பட்டையைப் பார்த்ததும் மைனா துள்ளியது.

"அண்ணே, இதை மட்டும் புதைக்க வேண்டாம்! நான் சத்தமாகப் படிக்கிறேன். காடு முழுக்கப் பறந்து பறந்து சொல்கிறேன்!"

"வாயை மூடு! அவரவர் வந்து அவரவர் படிப்பதுதான் நம் வழக்கம். நீ ஒன்று சொல்வாய், கேட்டவன் வேறொன்று சொல்வான். நல்ல காலம் வரட்டும், திறப்போம்."

அழுங்கு அதைப் பிடுங்கி உள்ளே வைத்து மண்ணைத் தள்ளி மூடியது.

அப்போதுதான் புள்ளிமான் தன் குட்டியோடு வந்தது. "அண்ணே, என்னால் கிழங்கு தோண்ட முடியுமா? குட்டிக்கு நாக்கு வறண்டுவிட்டது. ஊற்றுப் பட்டையைக் கொஞ்சம் காட்டுங்கள்!"

"இப்போதுதான் மூடினேன், தங்கச்சி. மறுபடி திறந்தால் தடம் தெரிந்துவிடும். கொஞ்சம் பொறுத்துக்கொள்."

மறுநாள் பன்றிகள் வந்தன. பொந்து காலி! கோபத்தில் மரத்தை முட்டிவிட்டுத் திரும்பின. "அழுங்கண்ணன் வாழ்க!" என்று எல்லா விலங்குகளும் கூவின. வறண்ட தொண்டையோடு மானும் கூவியது.

சில நாட்களில் குட்டியால் எழுந்திருக்க முடியவில்லை. மான் ஓடிவந்து அழுதது. அழுங்கு பதறிப்போய்க் குழியைத் தோண்டியது.

உள்ளே செம்மண் தூள்தான் இருந்தது. அதில் கரையான்கள் நெளிந்தன. பொந்தில் இருந்தவரை அழுங்கு நாள்தோறும் கரையானை நக்கித் துடைத்துவிடும். மண்ணுக்குள் அதைச் செய்ய யாருமில்லை.

"போகட்டும் அண்ணே! இத்தனை காலம் கட்டிக் காத்தீர்களே. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ஊற்று எங்கே?" என்றது மான்.

"ஊமத்தங்காய்ப் பட்டைக்கு அடியில்..." என்று தொடங்கிய அழுங்கு செம்மண் தூளைத் துழாவியது. "எந்தப் பட்டை எங்கே இருந்தது என்று கேள், தங்கச்சி. சொல்கிறேன். உள்ளே என்ன இருந்தது என்று நான் படித்ததே இல்லை."

மான் மைனாவைப் பார்த்தது.

"அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன், அக்கா. படிக்க விடவில்லையே!"

"அப்படியானால் யாருக்காகப் பன்றிகளோடு மல்லுக்கு நின்றீர்கள்?" என்று மான் கேட்டது.



அன்று மாலை குட்டி இறந்தது. அடுத்த நாள் விலங்குகள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டு பன்றிகளுக்குக் கிழங்கு தோண்டப் போயின. குளம்பு பிளக்க மான் மண்ணைக் கீறியது. அதன் பக்கத்தில் அழுங்கும் தோண்டிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை.

பறிக்க வருபவனுக்குப் பயந்து பூட்டி வைத்த அறிவு, அதைத் தேடி வந்தவனைப் பொறுத்தவரை பறிபோன அறிவுதான்.