மலையாண்டியின் கொடிவழி

சீவலாங்குறிச்சியில் தேர் நகர வேண்டுமானால், மலையாண்டி வம்சத்து மூத்தவர் முதலில் வடத்தைத் தொட்டாக வேண்டும். மலையாண்டி என்பவர் வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், தன் தோப்பு இலுப்பை மரங்களை வெட்டித் தேர் செய்யக் கொடுத்த விவசாயி. போன வருஷம் வரைக்கும் பெரியப்பா ஒச்சப்பன் வடம் தொட்டார். மாசியில் அவர் போய்ச் சேர்ந்தார். அடுத்த மூத்தவர் அவர் தம்பி மகன் சடையாண்டி. தன் மீசைக்கு ஏற்ற மரியாதை ஒருவழியாக வந்துவிட்டது என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரே பூரிப்பு.

அந்தப் பூரிப்பில் மண் விழுந்தது. கீழத்தெருப் பரமன், "நாங்கதான் மலையாண்டி வம்சம்" என்று கிளம்பிவிட்டான். புது வேட்டி கூட எடுத்துவிட்டானாம்.

கோயில் எழுத்தர் சிதம்பரநாதன் சடையாண்டியைக் கூப்பிட்டு, வம்சாவளியை எழுதித் தரச் சொன்னார். "வெள்ளிக்கிழமைக்குள்ள கொடிவழி வேணும்யா. கொடியைப் பிடிச்சு மேல மேல போங்க. வழியில யார் யார் வர்றாங்களோ, பேரை வரிசையா எழுதிட்டு வாங்க."

சடையாண்டி தன் பங்காளிகள் பூச்சியப்பனையும் நல்லகுருவனையும் கூட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனார். அங்கே இரண்டு கொடிகள் இருந்தன. ஒன்று அவரை, ஒன்று பூசணி.

"எந்தக் கொடிண்ணே?" என்றான் பூச்சியப்பன்.

"அவரை நான் வாங்கிப் போட்டது. பூசணி விதை பெரியப்பா கொடுத்தது" என்றார் சடையாண்டி.

"அப்ப பூசணிதான் சொந்தம்" என்றான் நல்லகுருவன். மூவருக்கும் அது நியாயமாகப் பட்டது.

கொடியைப் பிடித்துக்கொண்டே போனார்கள். வழியில் முதலில் வந்தது ஒரு வெள்ளாடு.

"இதை எழுதணுமாண்ணே?"

"யார் யார் வர்றாங்களோன்னுதானே சொன்னாரு. பேரைக் கேளு."

பூச்சியப்பன் மரியாதையாகக் கேட்டான். ஆடு "மே" என்றது. எழுதிக்கொண்டான்.

கொடி வேலி தாண்டி, பக்கத்து வீட்டு அன்னக்கிளியின் ஓட்டுக்கூரை மேல் ஏறியது. எழுத்தர் மேல மேல போகச் சொல்லியிருந்தாரே! மூவரும் ஏறினார்கள். ஓடு மூன்று பேரைத் தாங்கவில்லை. சடையாண்டி மட்டும் உள்ளே போனார். அன்னக்கிளி ஆட்டி வைத்திருந்த இட்லி மாவு அவரைத் தாங்கிக்கொண்டது.

"அட கூறுகெட்டவங்களா! எந்த வம்சத்துலய்யா பொறந்தீங்க?" என்று கத்தினாள் அன்னக்கிளி.

மீசையில் மாவு வழிய, சடையாண்டி கைகூப்பினார். "அதைத்தான் தேடிட்டிருக்கோம் மதினி. காணோம்."

"காணோம்னா போலீசுல போய்ச் சொல்லுங்க! என் தலையில ஏன் விழுறீங்க?"

நல்ல யோசனை என்று மூவருக்கும் தோன்றியது. அப்படியே ஸ்டேஷனுக்குப் போனார்கள். அங்கே ஏட்டு தனியாக இருந்தார்.

"யாரைக் காணோம்?"

"மலையாண்டி."

"என்ன வயசு?"

மூவரும் கூடிப் பேசினார்கள். "நூத்தி எழுபது, நூத்தி எண்பது இருக்கும்யா."

ஏட்டு பேனாவை மூடினார். "மைனர் இல்லேல்ல? தானாப் போயிருப்பாரு, தானா வருவாரு. வந்தா நான் கேட்டேன்னு சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை பட்டியல் எழுத்தர் கைக்குப் போனது. அதில் 'மே' என்றும், 'அன்னக்கிளி மதினி' என்றும், 'ஏட்டு' என்றும் இருந்தது. எழுத்தர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு பரணில் ஏறி, பழைய ஏடு ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வந்தார்.

"மலையாண்டி, சந்ததி இல்லாமல் காலமானார்" என்று வாசித்தவர், கண்ணாடியைத் துடைக்க நிறுத்தினார்.

சடையாண்டி பங்காளிகள் பக்கம் திரும்பினார். "அப்படின்னா நாம பொறக்கவே இல்லையாடா?"

"எனக்கு அப்பவே சந்தேகம்ணே" என்றான் பூச்சியப்பன்.

நல்லகுருவன் மூக்கைச் சிந்தினான். "பிள்ளை இல்லாம போறது நம்ம குடும்பத்துல பரம்பரையா வர்ற வியாதி போலருக்கு."

நான்கு பிள்ளைகளைப் பெற்ற சடையாண்டி, வீட்டில் இருப்பது யார் பிள்ளைகள் என்று கலங்கிப்போனார். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

எழுத்தர் கண்ணாடியை மாட்டி, அதன் கீழே பின்னாளில் சேர்த்து எழுதியிருந்த வரியை வாசித்தார். "மரியாதை அவர் தம்பி சின்னாண்டிக்கும் அவர் வழிவந்த ஒச்சப்பன் வகையறாவுக்கும் உரியது. யோவ், அது நீங்கதான்!"

மூவரும் அப்போதுதான் பிறந்தவர்களைப் போல ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். பரமன் வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்தான்.

தேரன்று சடையாண்டி தலையில் பரிவட்டம் கட்டினார்கள். பங்காளிகள் இரண்டு பக்கமும் நின்றார்கள். "மூணு பேரும் வடத்தைப் பிடிங்கய்யா. நான் சொல்ற வரைக்கும் விடக் கூடாது" என்றார் எழுத்தர். பிடித்தார்கள். ஊரே சேர்ந்து இழுக்க, தேர் நாலு வீதியும் சுற்றி நிலைக்கு வந்தது. ஆனால் அதற்குள் எழுத்தர், மகளுக்கு வளைகாப்பு என்று திருச்சி பஸ் ஏறிவிட்டார்.

கூட்டம் கலைந்தது. மூவரும் விடவில்லை. சடையாண்டியின் மனைவி குருவம்மா திட்டிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், கடைசியில் சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டுப் போனாள். மறுநாள் வடத்தைச் சுருட்ட ஆட்கள் வந்தார்கள். கெஞ்சினார்கள், இழுத்தார்கள். வேறு வழியில்லாமல் மூவரையும் சேர்த்தே சுருட்டிக் கொட்டகைக்குள் வைத்தார்கள்.

மூன்றாம் நாள் எழுத்தர் ஓடோடி வந்து கொட்டகையைத் திறந்தார். உள்ளே வடத்துக்கு நடுவில் மூன்று தலைகள் தெரிந்தன.

"ஐயையோ! விடுங்கய்யா, கையை விடுங்க!"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குசுகுசுவென்று வெகுநேரம் ஆலோசனை நடந்தது. பிறகு சடையாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"எந்தக் கையை?"