மேலே வராத முள்ளம்பன்றி

கருவேல மரங்கள் மண்டிய ஒரு காட்டில் முள்ளம்பன்றி ஒன்று இருந்தது. வளை தோண்டுவது அதன் பிழைப்பு. யாருக்கும் அடிமை இல்லை; கூப்பிட்டவர்களுக்குத் தோண்டிக் கொடுத்துக் கிழங்கு வாங்கிக்கொள்ளும். தன்னைப்போல் பாடுபட ஆளே இல்லை என்று அதற்கு ஒரே பெருமை.

அதன் வீட்டில் பிறந்து பத்து நாள் ஆன குட்டி ஒன்று இருந்தது. குட்டிக்கு முள் இன்னும் விறைக்கவில்லை. அதனால் தாய் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு வாசலிலேயே நிற்கும். அதைத் தாண்டி உள்ளே போக எந்த விலங்குக்கும் துணிச்சல் இல்லை.

ஒருநாள் நரி வந்தது. "அண்ணே, எனக்கு நீளமா ஒரு வளை வேணும். உங்களை விட்டா யாரு இருக்கா?" என்றது.

முள்ளம்பன்றிக்குத் தலைகால் புரியவில்லை. உடனே கிளம்பியது.

"நடுநடுவுல மேலே வந்து காத்து வாங்குங்க. எந்தப் பக்கம் போறோம்னு பாத்துக்கிட்ட மாதிரியும் இருக்கும்," என்றது மனைவி.

"காத்து வாங்கிக்கிட்டு இருந்தா வேலையை யாரு பாக்கிறது?" என்று எரிந்து விழுந்தது முள்ளம்பன்றி.

நரியும் அதையேதான் சொன்னது. "மேலே வராதீங்க அண்ணே, வேகம் கெட்டுப்போகும். கிழங்கை நானே உள்ளே கொண்டாந்து தர்றேன்."

கிழங்கோடு வரும்போதெல்லாம், "இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திருப்புங்க," என்று சொல்லிவிட்டுப் போகும்.

இப்படியே மூன்று நாள் போயிற்று. முள்ளம்பன்றியின் நகம் தேய்ந்து ரத்தம் கசிந்தது. இடுப்பு விட்டுப்போயிற்று. இருந்தும் அந்த மடப்பிறவி ஒரு தடவைகூட மேலே தலை காட்டவில்லை.

நான்காம் நாள் நரி, "போதும் அண்ணே. மிச்சத்தை நானே பாத்துக்கிறேன். நீங்க போய் நல்லா ஓய்வெடுங்க," என்றது.

'என்ன நல்ல மனசு!' என்று உருகிப்போன முள்ளம்பன்றி, வெளியே வந்து ஒரு மரத்தடியில் சாய்ந்தது. கண் சொருகும் நேரத்தில் மனைவியின் அலறல் கேட்டது.

விழுந்தடித்து ஓடியது. தாய் வாசலை விட்டு நகரவே இல்லை. குட்டியை மட்டும் காணோம். பின்சுவரில் புதிதாக ஓர் ஓட்டை. முள்ளம்பன்றி அதற்குள் எட்டிப் பார்த்தது. அளவு பிசகாமல், வழவழவென்று ஒரு வளை. அந்தக் காட்டில் அப்படித் தோண்டத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

"எந்தப் பாவி இதைத் தோண்டினான்?" என்று மண்ணில் புரண்டு அழுதது தாய்.

முள்ளம்பன்றி தன் நகங்களை மண்ணுக்குள் மறைத்துக்கொண்டு நின்றது.

நீதி: வேலைக்கு நடுவே எழுந்து வந்து பார்ப்பதும் வேலைதான், அதைத் தடுப்பவன் உன் நன்மைக்காகத் தடுப்பதில்லை.