அலையை முந்திய பொடிச்சி

சூரியனாரும் அவர் வீட்டுத் துகள்களும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பொடிச்சி என்றொரு மின்துகள் இருந்தாள். ஆள்தான் கண்ணுக்கே தெரியமாட்டாள். ரோஷம் மட்டும் மலையளவு.

ஒருநாள் சூரியனார் முகம் வாடியிருந்தார். "பூமியோட வடகோடியில குளிர்காலம் முழுக்க ஒரே இருட்டு. என் வெளிச்சம் அங்கே எட்டவே மாட்டேங்குது."

"நான் போய் விளக்கேத்துறேன் ஐயா," என்றாள் பொடிச்சி.

கூட்டமே சிரித்தது. "சூரியக் காத்தோட மிதந்து நீ போய்ச் சேர்றதுக்குள்ள அங்கே விடிஞ்சே போயிடும்டி!"

அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் சபையில் கொடுத்த வாக்கு என்ன ஆவது? விடுவிடுவென்று கிளம்பிவிட்டாள்.

சூரியனார் ஒரு பெருமூச்சு விட்டார். அதுவே பேரதிர்வலையாகப் புறப்பட்டு, வழிநெடுக அதட்டிக்கொண்டே வந்தது. "ஒதுங்கு, ஒதுங்கு!"

அலை வந்தால் ஒதுங்கி நின்று தலைகுனிவதுதான் துகள்களின் வழக்கம். எல்லோரும் ஒதுங்கினார்கள். பொடிச்சி மட்டும் திரும்பி நின்று நேராக மோதினாள்.

பொறி கலங்கிப்போயிற்று. முன்னால் தூக்கி எறியப்பட்டாள். அங்கே காந்தக் கொடிகள் புதராய்ப் பின்னிக் கிடந்தன. மின்னூட்டம் உள்ளவர்களை அவை லேசில் விடாது. அவளை வளைத்துத் திருப்பி, மறுபடி அலையிடமே அனுப்பின. மறுபடியும் அடி. வலியோடு வலியாக ஒன்றைக் கவனித்தாள்: ஒவ்வொரு அடிக்கும் அவள் வேகம் கூடியிருந்தது!

"ஏய் பொடிசு, சாகப்போறியா?" என்று அலை கத்தியது.

"தள்ளுங்க அண்ணே! இன்னும் பலமாத் தள்ளுங்க!"

கொடிக்கும் அலைக்குமாகப் பந்துபோல் போய்வந்தாள். கடைசியில் எந்தக் கொடியாலும் அவளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. பிய்த்துக்கொண்டு பறந்தாள்.

வடகோடியில் இன்னும் விடியவில்லை. பொடிச்சி காற்றுக்குள் பாய்ந்தாள். வானம் பச்சைப் பசேலென்று எரிந்தது. பனிவீடுகளிலிருந்து சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள்.

அலை வெகுநேரம் கழித்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. "நான் தள்ளிவிட்ட பொண்ணு, எனக்கே முன்னாடி வந்து நிக்கிறா!" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்தது. சூரியனாருக்கோ பெருமை தாங்கவில்லை. "எங்க வீட்டுப் பொண்ணுய்யா அவ!"

சூரியனிலிருந்து எந்த அதிர்வலை கிளம்பினாலும், துகள்கள் அதில் மோதி மோதி வேகமெடுத்து, அதற்கும் முன்னால் பூமி வாசலில் வந்து நிற்பது அன்று முதல்தான்.