தண்ணீர் எடுக்கப் போனவர்கள்

மலையடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. அங்கே வைத்தியம் சொல்லிக் கொடுத்தார்கள். படித்து முடித்தவர்கள் சொந்த ஊருக்குத் திரும்பி நோயாளிகளைப் பார்ப்பார்கள்.

மடத்தின் குருவான அடிகளுக்கு வயதாகிவிட்டது. காலைப் பாடத்தை மூத்த சீடர் திருவம்பலம் நடத்தினார். பௌர்ணமிதோறும் பரீட்சை வைப்பவரும் அவர்தான். பரீட்சையில் கடைசியாக வருகிறவர் அடுத்த மாதம் முழுவதும் ஆற்றிலிருந்து அடுப்படிக்குத் தண்ணீர் சுமக்க வேண்டும். படிப்பு ஏறாதவர்கள் வேலையாவது செய்யட்டும் என்று யாரோ எப்போதோ சொன்னதாம். தொடர்ந்து மூன்று முறை கடைசியாக வந்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அந்த முறை மூட்டை கட்ட வேண்டியவள் இசக்கியம்மாள்.

அவள் ஊரில் வைத்தியர் கிடையாது. காய்ச்சலில் கிடந்த புருஷனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வைத்தியரைத் தேடிப் போனார்கள். பாதி வழியில் செத்துப்போனான். அதன் பிறகுதான் அவள் மடத்துக்கு வந்தாள். முதல் மாதம் எழுத்துக் கூட்டவே தடுமாறினாள், கடைசியாக வந்தாள். பிறகு குடம் அவள் இடுப்பைவிட்டு இறங்கவே இல்லை.

"இன்னும் ஒரு மாசம் குடுங்கய்யா" என்றாள் திருவம்பலத்திடம்.

"மூணு மாசம் குடுத்தாச்சேம்மா."

"நான் தண்ணி எடுத்து முடிக்கறதுக்குள்ள பாடம் முடிஞ்சிருதுய்யா."

"போறவங்க எல்லாரும் ஏதாவது சொல்லிட்டுத்தான் போறாங்க."

அவள் அழவில்லை. போய்ச் சேலைகளை மடிக்கத் தொடங்கினாள். திருவம்பலத்துக்குத்தான் மனது உறுத்தியது. அடிகளிடம் போனார்.

"சாமி, எல்லாருக்கும் ஒரே கேள்வி. ஒரே நேரம். வேண்டியவங்க, வேண்டாதவங்கன்னு நான் பார்த்ததில்லை. இதைவிட நியாயமா ஒரு பரீட்சை வைக்க முடியுமா?"

அடிகள் கேட்டார்: "அவ குடம் எங்க?"

"குடமா? அடுப்படியில கிடக்கும்."

"இந்த மாசம் அது எனக்கு. அவ பாடத்துல உக்காரட்டும். பௌர்ணமிக்கு எனக்கும் சேர்த்துப் பரீட்சை வை."

சாமி விளையாடுகிறார் என்று திருவம்பலம் சிரித்தார். மறுநாள் விடியுமுன் அடிகள் குடத்தோடு ஆற்றில் இறங்கியதைப் பார்த்தபோது சிரிப்பு நின்றது.

சமையல்காரி சொர்ணம் மட்டும் அவரைச் சும்மா விடவில்லை.

"சாமி, பாதித் தண்ணி வழியிலேயே போச்சு. ஊர் நோவையெல்லாம் தீக்கறீங்க, ஒரு குடம் தண்ணி சிந்தாமக் கொண்டாரத் தெரியலையே!"

"நீ சொல்லிக் குடேன்."

"தோள்ல வைங்க. அந்தக் கையை இப்படிக் குடுங்க. சொல்லித் தரேன், ஆனா பரீட்சையெல்லாம் வைக்க மாட்டேன்."

அடிகள் கடைசிக் குடத்தை இறக்கும்போது தினமும் பாடம் முடிந்து எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டிருப்பார்கள்.

பௌர்ணமி வந்தது. திருவம்பலம் கேள்வியைத் தொடங்கினார்.

"இந்த மாசம் சொன்ன காய்ச்சல் கஷாயத்துல முதல்ல எதை இடிக்கணும்? கடைசியில எதைச் சேர்க்கணும்?"

இசக்கியம்மாள் திக்கினாள். நிறுத்தி, மறுபடி ஆரம்பித்து, சொல்லி முடித்தாள். வரிசையில் நடுவில் எங்கோ ஓர் இடம் அவளுக்குக் கிடைத்தது.

அடிகளின் முறை வந்தது.

"தெரியாது."

"சாமி, அந்தக் கஷாயத்தை எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே."

"நான் சொன்னது எனக்குத் தெரியும். இந்த மாசம் நீ சொன்னதைக் கேக்கற. நான் ஆத்துல இருந்தேன்."

அடுத்த கேள்விக்கும் தெரியாது. அதற்கடுத்ததற்கும் தெரியாது.

"யாரு கடைசி?" என்று அடிகளே கேட்டார்.

திருவம்பலம் பதறினார். "சாமியைச் சேர்க்கவே கூடாது. தண்ணி சுமந்துக்கிட்டிருந்த ஆளுகிட்ட வந்து பாடத்தைக் கேட்டா என்ன நியாயம்?"

சொல்லி முடித்த பிறகுதான் தன் சொல் அவர் காதில் விழுந்தது.

"நான் சொன்னப்ப இது நியாயமாத் தெரியலையே ஐயா?" என்றாள் இசக்கியம்மாள்.

திருவம்பலம் தலையைக் குனிந்தார். "தப்புத்தான். இனிமே எல்லாரும் முறை வெச்சுத் தண்ணி எடுப்போம். பாடம் முடிஞ்ச பிறகு எடுப்போம். நீ இரும்மா." சொல்லிவிட்டு எழுந்தார். பாரம் இறங்கியதுபோல் இருந்தது அவருக்கு.

"உக்காரு!"

அடிகள் அப்படிக் கத்தி அங்கே யாரும் கேட்டதில்லை.

"இவளுக்கு முன்னால எத்தனை பேரை அனுப்பின?"

"நினைவில்லை சாமி."

"அவங்க பேரு?"

திருவம்பலம் விரலை மடக்கத் தொடங்கி, இரண்டாவது விரலிலேயே நின்றார்.

"அந்த ஊர்கள்ல இப்ப யாரு நோயாளியைப் பாக்கறா? கட்டில்ல தூக்கிட்டு எந்த வழியா ஓடறாங்க?" அடிகளுக்கு மூச்சு வாங்கியது. "நானும் வேளாவேளைக்குச் சோறு வந்துச்சான்னு பார்த்தேனே தவிர, யாரு தண்ணி எடுத்தான்னு பாக்கலை. கிளம்பு. விசாரிச்சுக்கிட்டே ஒவ்வொருத்தர் வாசலுக்கும் போவோம். நானும் வரேன்."

"போய் என்ன சொல்லட்டும் சாமி?"

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். இந்தத் தடவை கேள்வியை அவங்க கேப்பாங்க."