மிளாவுக்கு ஒரு வண்டி

"எந்த வண்டி, தாயே?"

கேட்டவன் நெடுமன். மலைமேல் இருபத்தாறு குடி. அதற்கு வேட்டைத் தலைவன். வயது ஐம்பது தாண்டிவிட்டது.

கேட்கப்பட்டவள் கொற்றி. ஆற்றுத் துறைக்கு மேலே குடிசை போட்டு இருந்தாள். அவனைவிடப் பதினைந்து வயது இளையவள். அவன் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. தெரிந்தவளிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். பத்து வருஷமாக அவள்தான் அவனுக்குக் குரு.

"உட்காருங்க அண்ணே. எதுக்கு வண்டி?"

"மிளாவுக்கு."

மிளா மான் வகைதான். ஆனால் ஓர் எருது அளவு இருக்கும்.

"ஏன், அதுக்குக் கால் இல்லையா?"

"செத்த மிளாவுக்கு."

"சரி, சொல்லுங்க."

சொன்னான்.

மழை பொய்த்துவிட்டது. தினை கருகிவிட்டது. பக்கத்துக் காட்டில் ஒரு முயல்கூட இல்லை. மிளா இருப்பது மூன்று மலை தாண்டி, உள்காட்டுப் பள்ளத்தில். வெறுங்கையோடு போக ஒன்றரை நாள். மிளாவைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு வர நான்கு நாள். இரண்டு முறை கொண்டுவந்தார்கள். இரண்டு முறையும் ஊருக்கு வந்து சேர்ந்தது நாற்றம்தான். குழி தோண்டிப் புதைத்தார்கள்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஊரு கீழே இறங்கிடும், தாயே. பண்ணைக்காரன் இப்பவே ஆள் அனுப்பிட்டான். கஞ்சி ஊத்தறேன், வேலைக்கு வாங்கன்னு. போனா திரும்ப விடமாட்டான்."

"அதனால வண்டி."

"அதனால வண்டி. தச்சன்கிட்ட ஒரே ஒரு வண்டிக்குத்தான் மரம் இருக்கு. மூணு விதம் சொல்றான். தப்பாச் சொல்லிட்டா அதோட போச்சு."

"மூணையும் சொல்லுங்க."

நெடுமன் குச்சியால் மண்ணில் கீறினான்.

"முதல்ல, ரெண்டு பெரிய சக்கரம். கல்லு மேல ஏறிப் போயிடும்."

"நல்ல வண்டி."

"பலகை உசரத்துல இருக்கும். செத்த உடம்பு நெல்லு மூட்டை மாதிரி சும்மா கிடக்காது. சரிவுல உருளும். வண்டி குடை சாஞ்சிடும்."

"கெட்ட வண்டி."

"ரெண்டாவது, சின்னச் சக்கரம், தாழ்ந்த பலகை. சாயாது. ஆனா கல்லுக்குக் கல்லு அடிவயிறு தட்டி நின்னுடும்."

"மூணாவது?"

"ஒத்தைச் சக்கரம். முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன். ஒத்தையடிப் பாதையில ஓடும். நடுவழியில ஒரு பாறை இடுக்கு இருக்கு. ஒரு ஆள்தான் நுழையலாம். அதுலகூடப் போயிடும். ஆனா முழு மிளாவைத் தாங்காது."

"முழு மிளா அந்த இடுக்குல நுழையுமா?"

"எங்கே நுழையும்? மலையைச் சுத்தித்தான் தூக்கிட்டு வரோம். அதுலயே ஒரு நாள் போயிடுது."

கொற்றி எழுந்தாள். குடிசைக்குப் பின்னால் பலாமரம். அடிமரத்திலேயே ஒரு பழம் தொங்கியது. ஆட்டுக்கடா கனம்.

"இதை உள்ளே கொண்டாங்க."

நெடுமன் பழத்தைப் பார்த்தான். குடிசை வாசலைப் பார்த்தான். குனிந்துதான் நுழைய வேண்டும்.

"கத்தி எங்கே தாயே?"

"எதுக்கு?"

"இங்கேயே அறுத்துச் சுளையை எடுத்தாந்துடறேன். தோலும் சடையும் வீட்டுக்குள்ள எதுக்கு?"

அவள் கத்தியைக் கொடுத்தாள். கையில் தடவ எண்ணெயும் கொடுத்தாள்.

பாதி அறுத்தான். கத்தி நின்றது.



"புரியுது தாயே. ஆனா முடியாது."

"ஏன்?"

"எங்க ஊரு முறை உங்களுக்குத் தெரியாதா? வேட்டை முழுசா ஊர்க்கல் முன்னால இறங்கணும். எல்லாரும் பார்க்கணும். அப்புறம்தான் கத்தி படணும். தலை, அம்பு விட்டவனுக்கு. ஈரல், பிள்ளைத்தாய்ச்சிக்கு. ஒரு தொடை, ஆண்துணை இல்லாத வீடுகளுக்கு. அப்புறம்தான் மத்தவங்களுக்கு."

"காட்டுல வெட்டினா என்ன?"

"எங்க பாட்டன் காலத்துல எவனோ ஈரலைக் காட்டுலயே சுட்டுத் தின்னுட்டு வந்துட்டான். அதுலேர்ந்து முழுசாத்தான்."

"தின்னவன் செத்துட்டானே."

"செத்துட்டான். சந்தேகம் சாகலை."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்தான்."

"முதல்ல யாரு கேக்கறது?"

நெடுமன் எண்ணெய்க் கையைத் துடைத்தான்.

"சாத்தன். என் தங்கச்சி புருஷன். போன தடவை நாறின மிளாவை, மூக்கைப் பொத்திக்கிட்டு, ஈரல் இருக்கான்னு கிளறிப் பார்த்தான்."

"இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"என்ன சொன்னார்?"

"'பொழைச்சே மச்சான்' அப்படின்னான்."

கொற்றி சிரிக்கவில்லை.

"அவரையும் காட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"சாத்தனையா? அவனுக்கு ரெண்டு முட்டியும் போயாச்சு. வீட்டுலேர்ந்து ஊர்க்கல்லுக்கு வரவே நடுவுல ஒரு தடவை உட்காருவான். மூணு மலை எப்படி ஏறுவான்?"

"அதுக்குத்தான் வண்டி."

நெடுமன் மறுபடி கத்தியை எடுத்தான்.

"எத்தனை சக்கரம், தாயே?"

"அதைத் தச்சன்கிட்டக் கேளுங்க. எனக்குச் சுளை வேணும்."

•

எட்டாம் நாள் வண்டி வந்தது. ஒற்றைச் சக்கரம். நடுவில் பலகை. முன்னும் பின்னும் கைப்பிடி.

சாத்தன் அதைச் சுற்றி வந்து பார்த்தான்.

"இதுல யாரு உட்காருவா?"

"நீதான் மச்சான்."

"என்னைக் காட்டுல கொண்டுபோய்த் தள்ளிட்டு வரதுக்கா?"

"உன்னைத் தள்ளணும்னா வாசல்லயே தள்ளலாம். நான் எதுக்கு மூணு மலை சுமக்கணும்?"

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். சாத்தன் சிரிக்கவில்லை.

நெடுமன் சொன்னான்: "இந்தத் தடவை மிளாவை விழுந்த இடத்துலயே வெட்டப் போறேன். நீ வந்து பாரு. வரலைன்னா திரும்பி வந்தப்புறம் கேக்காதே."

சாத்தன் யோசித்தான். கேட்காமல் இருப்பது அவனால் ஆகாத காரியம்.

ஏறினான்.

வேட்டைக்கு நான்கு பேர். முன்பிடியில் ஒருவன். பின்பிடியில் நெடுமன். மற்ற இருவரிடம் வில்லும் ஈட்டியும். சாத்தன் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"பின்னால யாரு?"

"நான்தான்."

"வேற யாராச்சும் பிடிங்கடா."

யாரும் பிடிக்கவில்லை.

இரண்டாம் மலையில் பாதை குறுகியது. வலப்பக்கம் பள்ளம். கல் விழுந்தால் சத்தம் கேட்க நேரமாகும். சக்கரம் ஒருமுறை வழுக்கியது. சாத்தன் கண்ணை மூடினான்.

"மச்சான்."

"என்ன?"

"விட்டுடாதே."

"பேசாம உட்காரு. ஆடினாத்தான் விழும்."

சாத்தன் ஆடவில்லை. பேசவும் இல்லை. அவ்வளவு நேரம் அவன் பேசாமல் இருந்து அவர்கள் பார்த்ததில்லை.

மறுநாள் உச்சிவேளையில் பள்ளத்தில் இறங்கினார்கள். அடுத்த விடியலில் நீருக்கு ஒரு கொம்பன் மிளா வந்தது. நெடுமன் ஓர் அம்புதான் விட்டான்.

கத்தியை எடுத்துச் சாத்தனிடம் நீட்டினான்.

"வெட்டு."

"நானா? பார்க்கத்தானே வந்தேன்."

"கிட்டப் பாரு."

சாத்தன் வெட்டினான். முதலில் ஈரலை எடுத்தான். தேக்கிலையில் வைத்தான். நான்கு பேர் முகத்துக்கு நேராகவும் நீட்டிக் காட்டினான். ஒருத்தனும் பார்க்கவில்லை. தோல் உரிக்கிற அவசரம் அவர்களுக்கு.

எலும்பு, தோல், குடல், குளம்பு எல்லாம் காட்டிலேயே கிடந்தன. கறியை ஈர இலையில் சுற்றிக் கட்டினார்கள். இரண்டு பேர் தோளில் ஏற்றியது போக மீதி வண்டிக்கு. கொம்போடு தலையும் வண்டியில்தான்.

கட்டி முடித்த பிறகுதான் பார்த்தார்கள். பலகையில் சாத்தனுக்கு இடம் இல்லை.



சாத்தன் ஏறினால் பாதிக் கறி காட்டில் கிடக்கும். சாத்தனை விட்டுப் போனால் ஊரில் இந்தக் கறியை ஒருவரும் நம்ப மாட்டார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

நெடுமன் குனிந்து ஒரு மூட்டையை இறக்கப் போனான்.

"கையை எடு," என்றான் சாத்தன்.

"நீ எப்படி வருவே?"

"அது என் முட்டி. உன் முட்டி இல்லை."

ஓர் ஈட்டியை வாங்கி ஊன்றிக்கொண்டான். முன்னால் நடந்தான்.

முதல் மலையில் இரண்டு முறை விழுந்தான். பாறை இடுக்கில் நாலு காலால் தவழ்ந்தான். முட்டி இரண்டும் பனங்காய் மாதிரி வீங்கின. ஆனால் ஒருத்தனையும் உட்கார விடவில்லை. மூட்டை தூக்கியவன் தண்ணீர் கேட்டால் திட்டினான். ஓடை வந்தால் இலையெல்லாம் நனைக்கச் சொன்னான். அது முடிந்ததும் மறுபடி திட்டினான்.

"நடங்கடா. இது உங்க மாமனார் வீட்டுப் பந்தலா? காலை நீட்டறீங்க."

மறுநாள் பொழுது சாய்வதற்குள் ஊர் தெரிந்தது.

ஊர்க்கல் முன்னால் எல்லோரும் நின்றார்கள். பல வீட்டு வாசலில் மூட்டை கட்டி வைத்திருந்தார்கள், பண்ணைக்குப் போக. வண்டியில் முழு மிளா இல்லை. கூட்டம் முணுமுணுத்தது.

"யாரு வெட்டினது?"

"நான்," என்றான் சாத்தன்.

முணுமுணுப்பு நின்றது. சாத்தனே வெட்டியதென்றால் அப்புறம் கேட்க ஆள் ஏது?

இலையைப் பிரித்தார்கள். நாற்றம் இல்லை. பிள்ளைத்தாய்ச்சிகள் மூன்று பேரும் முன்னால் வந்து ஈரலை வாங்கிக்கொண்டார்கள். தொடை ஆண்துணை இல்லாத வீடுகளுக்குப் போனது. தலையை நெடுமன் எடுத்துக்கொண்டான். மீதியைப் பங்கு போட்டார்கள். வாசலில் இருந்த மூட்டைகள் உள்ளே போயின, ஒவ்வொன்றாக. இருபத்தாறு கூரையிலும் புகை எழுந்தது.

நெடுமன் நிமிர்ந்து நின்று அதைப் பார்த்தான். பண்ணைக்காரன் இனி எத்தனை ஆள் அனுப்பினாலும் அனுப்பட்டும்.

அப்போது வேம்பன் வந்தான். நல்ல திடகாத்திரமான ஆள். கையில் அவன் பங்கு.

"சாத்தா."

"என்ன?"

"நெஞ்சுக்கறி எங்கேயும் காணோமே. காட்டுல நீங்க அஞ்சு பேரு. பசி வேற. நான் ஒண்ணும் சொல்லலை. கேக்கறேன்."

சாத்தன் வாயைத் திறந்தான். நல்ல வசவாக ஒன்று வரும் என்று நெடுமன் காத்திருந்தான்.

வரவில்லை.

சாத்தன் முட்டியைத் தேய்த்தான். எழுந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து, வண்டிப் பலகையில் இருந்த ரத்தத்தை ஓரம் விடாமல் துடைத்தான்.

"அடுத்த வேட்டைக்கு ஏறி உட்காரு, வேம்பா," என்றான். "நான் பின்னால பிடிச்சுக்கறேன்."