கூரையைப் பிரித்த ஒச்சப்பனார்

கரட்டுமலை அடிவாரத்துச் சிவன் கோயிலில் தண்ணீர் சுமப்பது ஒச்சப்பனாரின் வேலை. கிணற்றுக்கும் கோயிலுக்கும் நாளொன்றுக்கு அறுபது நடை. கடைசி நடை முடிந்ததும் வாசற்படிக்கு வெளியே ஒதுங்கி நின்று, விளக்கொளியில் கரட்டீசரை ஒரு தரம் பார்ப்பார். அவ்வளவுதான் அவருடைய பூசை. அது போதும் என்று இருந்தார்.

அந்த ஆண்டு தலமரமான மகிழம் பட்டுப்போயிற்று. கோயில் மணியக்காரர் சொக்கலிங்கம், மாந்தோப்பு நிழலில் வளர்ந்த நாற்பது மகிழங்கன்றுகளைப் பெயர்த்து வந்து, சித்திரை மாதத்தில் கோயிலுக்கு முன்னால் வெட்டவெளியில் நடச் சொன்னார்.

"ஐயா, நெழல்ல வளந்த பிள்ளைங்க. இந்த வெயிலு தாங்காது. ஐப்பசி வரட்டும்" என்றார் ஒச்சப்பனார்.

"நாள் குறிச்சது நீயாடா? தண்ணிய ஊத்து, போதும்."

நாள் பார்த்தவர்கள் வெயிலைப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் இலைகள் வெளுத்தன; எட்டாம் நாள் அப்பளம் போல் நொறுங்கின. பழியைப் போட மணியக்காரர் ஆள் தேடவில்லை, பக்கத்திலேயே குடத்தோடு ஒச்சப்பனார் நின்றிருந்தார். "இவன் கை பட்ட தண்ணிதான் கருக்கிருச்சு" என்றார் மணியக்காரர். அதே கைத் தண்ணீரில்தான் கோயில் முற்றம் கழுவினார்கள். அதை யாரும் பேசவில்லை. ஒரு கன்றாவது துளிர்க்கும்வரை ஒச்சப்பனார் வாசற்படிப் பக்கம் வரக் கூடாது என்று தீர்ப்பாயிற்று.

சாமியைப் பார்க்காமல் மூன்று நாள் தாங்கினார். நான்காம் நாள் தம் குடிசைக் கூரையின் தென்னங்கீற்றைப் பிரித்தார். உள்ளே மனைவி சின்னப்பேச்சி காய்ச்சலில் கிடந்தார்.

"குச்சிக்குக் கூரை போடுற. எனக்கு என்னய்யா போடப்போற?"

"ஒரு மாசம் பொறுத்துக்க பேச்சி. துளுத்துரும்."

உயிர் ஒட்டியிருந்த பதினோரு கன்றுகளையும் நாலு பக்கமும் தலைக்கு மேலும் கீற்றால் மூடினார். ஒரு பொட்டு வெயில் புகவில்லை.

"ஒச்சா, உன் மொட்டைக் குச்சிக்கு எப்பப்பா பிரசவம்?" என்று கிணற்றடியில் சிரித்தார்கள். அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

இருபதாம் நாள் நடுப்பகலில், கூரையில்லாத குடிசையில் வெயிலோடு வெயிலாகச் சின்னப்பேச்சி செத்துப்போனார். ஒச்சப்பனார் அப்போது கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

மனைவியைப் புதைத்த மறுநாள் வந்து கீற்றை விலக்கிப் பார்த்தார். எட்டுக் கன்றுகள் அழுகியிருந்தன. மற்ற மூன்றிலும் துளிர் இருந்தது. நூல் போல மெலிந்து, பச்சையே இல்லாமல் வெளிறி, தலை தொங்கிக் கிடந்தது. பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. இலைதான் மரத்துக்கு அடுப்பு, வெளிச்சம்தான் தீ. தீயை அடைத்துவிட்டு வெறும் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். கன்று தன் உடம்பையே தின்று அந்தத் துளிரை விட்டிருந்தது.

"அவ கூரையப் பிடுங்கி உங்களையும் பட்டினி போட்டுட்டேனே!" என்று மண்ணில் விழுந்து மார்பில் அடித்துக்கொண்டார். பிறகு எழுந்து கிழக்குப் பக்கத்துக் கீற்றை மட்டும் எடுத்தார். காலை வெயில் உள்ளே போயிற்று. வாரத்துக்கு ஒரு சாண் என்று மேல்கீற்றையும் தள்ளிக்கொண்டே வந்தார். இரண்டு கன்றுகள் அப்படியும் போயின. ஒன்றில் வெளிறிய துளிர் காய்ந்து விழுந்து, அதற்குக் கீழே சின்னதாய், தடித்த, கரும்பச்சை இலைகள் வந்தன. ஏழு இலைகள்.

மணியக்காரரிடம் போய்ச் சொன்னார்.

"ஏழு எலையெல்லாம் மரமாடா? பூக்கட்டும், அப்புறம் வா" என்றார் அவர்.

பூக்க எத்தனை வருடமாகும் என்று ஒச்சப்பனாருக்குத் தெரியும். குடத்தோடு கன்றுக்குத் திரும்பினார்.

ஆவணித் திருவிழாவில் கரட்டீசர் சப்பரத்தில் புறப்பட்டார். வெட்டவெளிக்கு வந்ததும், அந்த ஒற்றைக் கன்றுக்கு நேரே, பதினாறு பேர் தோளிலும் சப்பரம் பாறையாய்க் கனத்தது. இறக்கி வைத்தார்கள். மறுபடி தூக்கப் பார்த்தும் அசையவில்லை.

"தின்ன சோறு எங்கடா போச்சு?" என்று கத்தினார் மணியக்காரர். இன்னும் எட்டுப் பேர் தோள் கொடுத்தார்கள். ஒரு விரற்கடையும் எழவில்லை.

கூட்டத்துக்குப் பின்னால் குடத்தோடு நின்ற ஒச்சப்பனாரைக் காட்டிப் பூசாரிதான் மெதுவாகச் சொன்னார்: "இவரை வாசலுக்கு வரக் கூடாதுன்னீங்க. இப்ப சாமியே வாசலைத் தாண்டி வந்து நிக்கிறாரு."

கூட்டம் விலகியது. ஒச்சப்பனார் குடத்தை இறக்கி வைத்தார். கை தூக்கிக் கும்பிட அவருக்கு அப்போது தோன்றவில்லை. கரட்டீசரை நிமிர்ந்து பார்த்தார்.

"வந்துட்ட. அவ இருந்திருந்தா அவளும் பாத்திருப்பா."

கரட்டீசர் அசையாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒச்சப்பனார் போதும் என்று தலையசைத்த பிறகே சப்பரம் எழுந்தது.

அவர் ஒன்றையும் கேட்டு வாங்கவில்லை. இழந்தது ஒன்றும் திரும்பவில்லை. தம் பிழையைத் தாமே கண்டு, கீற்றை விலக்கி ஓர் உயிருக்கு வெளிச்சம் விட்ட அந்தக் கைகள் வாழ்க.